வீட்டுக்குள் மருந்தை வைத்தது யார்?

வீட்டில் சட்டவிரோதமாகப் பட்டாசு தயாரித்தபோது வெடிவிபத்து, பெண் கைது. சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துச் செய்திகள் இந்த ஒரே அச்சில்தான் வார்க்கப்பட்டு வருகின்றன. ஊரின் பெயர் மாறுகிறது. எத்தனை குரோஸ் கருந்திரி பறிமுதல் என்ற கணக்கு மாறுகிறது. மாறாதது ஒன்று உண்டு: குற்றவாளி எப்போதும் அந்த வீட்டுக்காரியே! கூரை பறந்தது அவளுடையது, கை வெந்தது அவளுடையது, முதல் தகவல் அறிக்கையில் முதல் பெயரும் அவளுடையதே!

மருந்து அவளுடையதா? இந்தக் கேள்வியை மட்டும் எந்தப் பத்திரிகையும் கேட்பதில்லை. போலீஸ் கேட்பதில்லை. "பேராசையால் உயிரோடு விளையாடுகிறார்கள்" என்று பிரசங்கம் செய்யும் பிரமுகர்களும் கேட்பதில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். ஊரையும் பெயரையும் சொல்லப்போவதில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒற்றை அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், பின்னால் சமையலுக்கு ஒரு சார்ப்பு. கூரை என்று ஒன்று அங்கே இல்லை. சுவர் இரண்டு நின்றது. புருஷன் ஆஸ்பத்திரியில். ஜாமீனில் வந்த அந்த அம்மாள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரையில் கட்டு. நாம் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "என் வீட்டுல ஒரு பொட்டு மருந்துகூட நான் காசு குடுத்து வாங்கலண்ணே. நூலு அவங்க குடுத்தது, மருந்து அவங்க குடுத்தது. வெள்ளனா வண்டியில வந்து இறக்குவாங்க, ராத்திரி வந்து எடுத்துக்கிடுவாங்க. வெடிச்ச பொறவு ஒருத்தரும் இந்தத் தெருப்பக்கம் வரல."

வண்டியில் வந்தது யார் என்று போலீசில் சொன்னீர்களா என்று கேட்டோம். சொன்னாராம். எழுதிக்கொண்டார்களா என்பது அவருக்குத் தெரியாது. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார். வலது கையில் கட்டு, ஆகவே இடது கையால்!

சட்டம் யாருக்கு எழுதியது?

வெடிமருந்துச் சட்டம் 1884ஆம் ஆண்டுச் சட்டம். 1875ல் பிரிட்டனில் போட்ட சட்டத்தைப் பார்த்து, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வெள்ளைக்கார சர்க்கார் இங்கே போட்டது. அதற்கும் முன்னதாக, 1878ல், லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். வெள்ளையன் பங்களாவில் வேட்டைத் துப்பாக்கியும் மருந்தும் இருக்கலாம், இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் தொடக்கூடாது என்பது அந்தச் சட்டத்தின் சாரம். வெடிமருந்து என்றால் முதலில் ஜனங்களைச் சந்தேகி என்ற புத்தி அன்று புகுந்தது. வெள்ளையன் போன பின்பும் அந்தப் புத்தி போலீஸ் ஸ்டேஷனை விட்டுப் போகவில்லை.

ஆனால் அந்தப் பழைய சட்டத்தில்கூட, படிக்க மனமிருந்தால், நாம் கேட்கும் கேள்விக்கு விடை இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வெடிமருந்து தயாரித்தால் மூன்றாண்டு வரை சிறை என்று 9பி பிரிவு சொல்லுகிறது. இந்தப் பிரிவு கான்ஸ்டபிள் முதல் எல்லோருக்கும் மனப்பாடம். அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு என்ன சொல்லுகிறது? குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவரும் குற்றம் செய்தவரைப் போலவே தண்டிக்கப்படுவார் என்று சொல்லுகிறது. கம்பெனி செய்யும் குற்றத்துக்கு அதை நடத்துகிறவரே பொறுப்பு என்று தனியாக ஒரு பிரிவும் இருக்கிறது. மருந்தைக் கலந்து, வண்டியில் ஏற்றி, லைசென்ஸ் இல்லாத வீட்டு வாசலில் இறக்குகிறவன் உடந்தைக்காரன் இல்லையென்றால், தமிழில் உடந்தை என்ற சொல்லுக்கு வேறு என்ன பொருள்? 9பியைத் தெரிந்த கண்ணுக்கு 12 மட்டும் ஏன் தெரியவில்லை?

லைசென்ஸ் உள்ள ஆலை ஒவ்வொன்றும் சரக்குக் கணக்கு வைத்தாகவேண்டும். எவ்வளவு மூலப்பொருள் வந்தது, எவ்வளவு பட்டாசு போயிற்று என்று பதிவேடு இருக்கிறது. இத்தனை லட்சம் பட்டாசுக்கு இவ்வளவு திரி வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த கணக்கு. ஆலைக்குள் திரி போடும் ஆள் எத்தனை, வெளியே போன பட்டாசு எத்தனை என்று இரண்டையும் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மீதித் திரி எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். அதற்குத் தனிப்படை வேண்டாம், மோப்ப நாய் வேண்டாம். கணக்குப் படிக்கத் தெரிந்த ஒரு குமாஸ்தா போதும்!

வீட்டுக்கு எப்படி வந்தது?

வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றபோது, 1940ஆம் ஆண்டு விதிகளின்படி லைசென்ஸ் வாங்கிச் சிவகாசியில் ஆலைகள் எழுந்தன. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள். நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இங்கிருந்துதான் போகிறது என்பார்கள். இந்த வளர்ச்சியைச் சொல்லும்போது முதலாளிகள் முயற்சி, சாமர்த்தியம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அவர்களுடைய முயற்சியை நாம் மறுக்கவில்லை. அந்தச் சாமர்த்தியத்தில் ஒரு பகுதி, ஆபத்தைத் தன் மதில்சுவருக்கு வெளியே தள்ளிவிடும் சாமர்த்தியம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறோம்.

லைசென்சில் மூன்று தினுசு. ஒரு சமயத்தில் பதினைந்து கிலோ வரை மருந்து வைத்துக்கொள்வதற்கு மாவட்ட நிர்வாகம் கொடுப்பது ஒன்று. அதற்கு மேல் போனால் சென்னை லைசென்ஸ். பெரிய ஆலைக்கு நாக்பூர் லைசென்ஸ். ஒவ்வொன்றுக்கும் அறை எத்தனை, அறைக்கும் அறைக்கும் இடைவெளி எவ்வளவு என்று விதி உண்டு. ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. விதி நல்ல விதிதான். ஆனால் விதிப்படி அறை கட்டவேண்டும், நிலம் வாங்கவேண்டும், ஆளுக்குப் பிராவிடண்ட் பண்டும் ஈ.எஸ்.ஐ.யும் கட்டவேண்டும். தீபாவளி நெருங்கி ஆர்டர் குவிகிறபோது மதிலுக்குள்ளே இவ்வளவுதான் முடியும் என்றால் முதலாளி என்ன செய்வான்? ஒரு வழி, அறைகளைத் துண்டு துண்டாக உள்குத்தகைக்கு விடுவது. இன்னொரு வழி, வேலையை வீட்டுக்கு அனுப்புவது.

முதல் வழியின் முடிவை 2021 பிப்ரவரி 12ந் தேதி அச்சங்குளத்தில் பார்த்தோம். இருபதுக்கும் மேற்பட்ட உயிர் போயிற்று; ஒரே ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்த கதை அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. அதற்கு முன்னே 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள்கூட இல்லை. புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடிவந்த பக்கத்து ஊர் ஜனங்கள்! லைசென்ஸ் உள்ள இடத்தின் லட்சணம் இது.

இரண்டாவது வழிக்குத் தேதி கிடையாது. அது தினந்தோறும் நடக்கிறது. ஒவ்வொன்றாக, இரண்டிரண்டாகச் சாகிறார்கள். ஆகையால் மந்திரி வருவதில்லை. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் குழந்தைகளை வைக்கக்கூடாது என்று அட்டவணை போட்டார்கள். அதே சட்டத்தில், குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு இது பொருந்தாது என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்தார்கள்! 1996ல் சுப்ரீம் கோர்ட்டும் சிவகாசிக் குழந்தைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிற்று. ஆலை வாசலில் சோதனை கடுமையாயிற்று, குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள்; அந்த மட்டில் அது உழைக்கும் ஜனங்களுக்குக் கிடைத்த நன்மை, அதைக் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் ஆலையிலிருந்து கழன்ற வேலையில் ஒரு பகுதி எங்கே போயிற்று? வால் காட்டிய வழியே வீட்டுக்குள் போயிற்று. ஆபத்தான தொழிலுக்கு இந்தக் குடும்ப விலக்கு கிடையாது என்று திருத்துவதற்கு 2016ஆம் ஆண்டு வரையில், முப்பது வருஷம் ஆயிற்று.

பிறகு 2018 அக்டோபர் 23ந் தேதித் தீர்ப்பு. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே என்றது. டில்லிக் காற்றின் நிலைமையை நாம் அறிவோம். மூச்சுத் திணறுகிற ஜனங்களின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் அந்தத் தீர்ப்பையொட்டி ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது தொழிலாளி என்ன சாப்பிட்டான் என்று யார் பார்த்தார்கள்? ஆலையில் சரவெடி நின்றது. சந்தையில் சரவெடி கேட்கிறவன் நிற்கவில்லை. கேட்கிற சரக்குக்கு விலை இருக்கிறது. செய்ய ஆள் பசியோடு இருக்கிறது. நடுவே ஒரு ஏஜெண்ட் முளைப்பதற்கு வேறு என்ன எரு வேண்டும்?

"பத்திரமாக வைக்கக் கற்றுக்கொடுங்கள்"

இனி, நம்மீது பரிவு கொண்ட சிலரின் வாதத்துக்கு வருகிறோம். கைது செய்து என்ன பயன், இதைக் குடிசைத் தொழிலாக அங்கீகரித்துவிடுங்கள், வீட்டுக்குச் சிறிய லைசென்ஸ் கொடுங்கள், மருந்தை எப்படிப் பத்திரமாக வைப்பது என்று வகுப்பு நடத்துங்கள், ஒரு பெட்டியும் இரண்டு வாளி மணலும் கொடுங்கள் என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நம் தோழர்களிலேயே சிலர் இதைக் கோரிக்கையாக வைக்கவேண்டும் என்று கமிட்டியில் வாதாடினார்கள். ஆகவே இதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

வைத்திருப்பது வேறு, செய்வது வேறு. துப்பாக்கி லைசென்ஸ் உள்ள ஒரு மிராசுதார் தம் லைசென்சில் குறித்த அளவுக்கு மருந்தும் தோட்டாவும் பீரோவில் பூட்டி வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கொஞ்சம் சரக்கு. வந்த டப்பாவிலேயே இருக்கிறது. அடுப்பு ஒரு கோடியில், பீரோ ஒரு கோடியில். சாவி அவரிடம். வருஷத்தில் சில தடவைதான் திறப்பார். அங்கே பெட்டியும் பூட்டும் எச்சரிக்கையும் பேசுவதற்குப் பொருள் இருக்கிறது.

கருந்திரி போடுகிற வீட்டில் மருந்து பெட்டியில் இருப்பதே இல்லை. கரைத்த மருந்து பாத்திரத்தில். நூலில் பூசிய மருந்து முற்றத்து வெயிலில். உலர்ந்த மருந்து நறுக்குவதற்காக மடியில். உதிர்ந்த மருந்து பாய் இடுக்கில், சேலை மடிப்பில், குழந்தையின் தலையில். திரியின் தொழிலே நெருப்பைக் கடத்துவது. ஒரு முனையில் பொறி விழுந்தால் கட்டு முழுவதும் பற்றுவதற்கு மூச்சு விடும் நேரம் போதும். நறுக்குகிற இரும்பு, கல்லில் உரசினால் பொறி. நைலான் சேலையை உதறினாலே மின்பொறி. அதனால்தான் ஆலையில் பருத்தித் துணி உடுத்து, உள்ளே போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கு என்கிறார்கள். வீட்டில் செம்புத் தகடு எது? வெண்கலப் பானையா?

பட்டாசு மருந்து என்றால் இன்னும் மோசம். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். ராத்திரி மழையில் கூரை ஒழுகினால் போதும், விடியும்போது யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்காதே என்ற விதி அதற்காகத்தான் வந்தது. செத்தவர்களின் கணக்கைப் பார்த்து எழுதிய விதி அது. குளோரேட்டோடு கந்தகத்தைச் சேர்ப்பதை 1992ல் சர்க்கார் தடுத்ததும் அப்படித்தான். அந்தக் கலவை இடித்தாலும் வெடிக்கும், உரசினாலும் வெடிக்கும். ஏஜெண்ட் கொண்டுவந்து இறக்கும் பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று அந்த அம்மாளுக்கு யார் சொல்லுவார்கள்? பொட்டலத்தில் சீட்டு ஒட்டியா வருகிறது?

பெட்டி கொடுங்கள் என்கிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. திறந்த வெளியில் சிறிதளவு கரிமருந்து பற்றினால் புஸ்ஸென்று எரிந்து போகும். அதையே இரும்பு டிரங்குப் பெட்டியில் இறுக மூடி வைத்தால், புகைக்குப் போக வழியில்லை, பெட்டியே குண்டாகிவிடும். கல்யாணச் சீராக வந்த டிரங்குப் பெட்டியில் பத்திரம் என்று நினைத்து வைத்த வீடுகள் உண்டு. ஆலையில் மருந்து அறைக்கு லேசான கூரை போடுவதும், கதவு வெளிப்புறம் திறப்பதும், வெடித்தால் வேகம் மேலேயும் வெளியேயும் போய்விடவேண்டும் என்பதற்காக. நம்முடைய காலனி வீடு? ஒரே வாசல், அதுவும் உள்பக்கம் திறப்பது, மேலே கான்கிரீட். வெடித்தால் அந்தக் கான்கிரீட் தலையில் இறங்கும். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்கும்.

ஆகவே வீட்டில் மருந்தைப் பத்திரமாக வைத்து வேலை செய்வது எப்படி என்று எவரும் வகுப்பு நடத்த முடியாது. அப்படி ஒரு முறை இல்லை. வீட்டு லைசென்ஸ் என்று ஒரு காகிதம் கொடுத்தால் என்ன நடக்கும்? ஏஜெண்டின் பயம் தீரும். முதலாளியின் பொறுப்பு அறவே கழியும். செத்தவள் அன்று தொழிலாளிகூட அல்ல, "சிறுதொழில் அதிபர்" ஆகிவிடுவாள். தன் ஆலையில் தானே செத்தாள் என்று பைலை மூடுவார்கள்! இந்தக் கோரிக்கையை நாம் எழுப்பக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

பீடித் தொழிலாளரைக் காட்டுகிறார்கள் தோழர்கள். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. அது போராடி வாங்கியது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியதை எடுத்துக்கொள்வோம். மூலப்பொருள் கொடுக்கிறவனே முதலாளி, அதை வாங்கி வேலை செய்கிறவர் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவனுடைய தொழிலாளி: இந்த உறவைச் சட்டம் ஒப்புக்கொண்டது. அதை வெடிமருந்துக்கும் ஒப்புக்கொள்ளச் செய்யவேண்டும். ஆனால் பீடி இலை கூரையைப் பறக்கவைப்பதில்லை. பீடியை வீட்டில் சுற்றலாம். மருந்தை வீட்டில் தொடக்கூடாது.

தோழர்களின் வாதத்தில் உள்ள வேதனை நமக்குப் புரியாமலில்லை. ரெய்டு என்று வந்தால் அன்றைக்குச் சோறு இல்லை. "மருந்து வேண்டாம்னு சொல்லிருவோம், வேற என்ன குடுப்பீக?" என்று ஒரு கிழவி நம்மையே கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல முடியாத கட்சி அவருக்கு உபதேசம் செய்யக்கூடாது. ஆலையில் வேலை இருந்தும் இந்தப் பெண்கள் ஏன் வீட்டில் செய்கிறார்கள்? கைக்குழந்தையை விட்டுவிட்டு வேனில் ஏறிப் போக முடியாது. வயசானவர்களை ஆலையில் எடுப்பதில்லை. ஆலை பூட்டிக்கிடக்கும் காலத்தில் கூலி இல்லை. இந்த மூன்றுக்கும் விடை சொல்லாமல் கதவை உடைத்துப் பறிமுதல் செய்வதால், இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு மருந்து போகும், அவ்வளவுதான். முன்னைவிட இன்னும் இருட்டான அறைக்குப் போகும்.

விடை இல்லாமலில்லை. ஊருக்கு வெளியே, விதி சொல்லும் தூரத்தில், புறம்போக்கு நிலத்தில் சர்க்கார் செலவில் விதிப்படி அறைகள் கட்டித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்கட்டும். லைசென்ஸ் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். அறைக்கு நாலு பேர், பரீட்சை தேறிய போர்மேன், செம்புத் தகடு, மணல், தண்ணீர். தக்க தூரத்தில் ஒரு பால்வாடி. ஆலைகள் தங்களுக்கு வேண்டிய திரியைச் சங்கத்திடம் நிர்ணயித்த விலைக்கு வாங்கட்டும். பணம் எங்கே என்று கேட்பார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நிவாரணம், ஆஸ்பத்திரி, விசாரணைக் கமிஷன் என்று செலவழிக்கப் பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான்!

அதுவரையில் நடக்கிற வழக்குகளில், மருந்து கொடுத்தவனை முதல் எதிரியாகச் சேர்க்காமல் எந்தக் குற்றப்பத்திரிகையும் கோர்ட்டுக்குப் போகக்கூடாது. காயமடைந்தவருக்கும் செத்தவரின் குடும்பத்துக்கும், அவர் யாருக்காகத் திரி போட்டாரோ அந்தக் கம்பெனியின் தொழிலாளி என்ற முறையில் நஷ்டஈடு வேண்டும். சட்டவிரோதத் தயாரிப்பு, ஆகையால் நிவாரணம் கிடையாது என்று நாம் மேலே சொன்ன அம்மாளின் மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சட்டவிரோதம் என்பது லாபம் எடுக்கும்போது யாருக்கும் உறுத்தவில்லை. நஷ்டஈடு கேட்கும்போது மட்டும் உறுத்துகிறது.

வட்டாரத்துத் தோழர்களுக்கு ஒரு விஷயம். ஏஜெண்டுகள் கூலிக் கணக்கைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். தேதி, எத்தனை குரோஸ், பாக்கி எவ்வளவு என்று அதில் இருக்கும். சிலர் செல்போனில் செய்தியாக அனுப்புகிறார்கள். நமது ஜனங்கள் கூலி வாங்கியதும் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுகிறார்கள். கிழிக்கவேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லுங்கள். அந்த அம்மாளின் வீட்டில் சுவரோடு நின்ற மாடக்குழியில், எண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில், அப்படிப்பட்ட சீட்டு நான்கு கிடைத்தது. அவற்றை வக்கீல் தோழரிடம் ஒப்படைத்திருக்கிறோம். வருகிற வாய்தாவில் அவை கோர்ட்டில் தாக்கலாகும்.